ஒற்றைப் படி போதாது

சிலாங்கூர் மாநிலத்தின் வட கோடியில், பெர்ணம் ஆறு கடலை நோக்கி விரிந்து செல்லும் இடத்தை ஒட்டி அமைந்திருப்பது சபாக் வட்டாரம். ஆற்றுக்கு அப்பால் பேராக் மாநிலம். தெற்கே சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் என்று கடற்கரைச் சாலை கோலசிலாங்கூர் வரை நீள்கின்றது. ஒரு புறம் நெல்வயல். மறுபுறம் தென்னையும் செம்பனையும். இந்நிலத்தைக் காடழித்துத் திருத்திய கைகளில் தமிழர் கைகள் பல. 1917ஆம் ஆண்டில் மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரிலேயே தமிழைச் சுமந்து நின்ற தோட்டம் அது.

அந்த உழைப்பின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? தோட்டங்களை ஆண்ட நிறுவனங்களின் வரலாறு பெரும் ஏடுகளில் அச்சாகியுள்ளது. பால் வெட்டியவர், மட்டை இழுத்தவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை வளர்த்தவர் ஆகியோரின் வரலாறோ பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டிலும், மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கிலும், 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தாச் சீட்டிலும், மங்கிப்போன திருமணப் படங்களிலும் மட்டுமே தங்கியுள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; லயன் வீடுகள் இடிக்கப்பட்டன; மக்கள் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் பெயர்ந்தனர். நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியவை ஐந்நூற்றுச் சொச்சமே. மூடப்பட்ட பள்ளிகளின் பதிவேடுகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர் மிகச் சிலர். கறையானும் மழையும் அவ்விடையைத் தின்றுவிட்டன.

எஞ்சியவற்றைக் காக்கவேண்டும் என்னும் உணர்ச்சி அண்மைக் காலத்தில் எழுந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. பழைய ஏடுகளை ஒளிவருடிக் கணினியில் ஏற்றும் பணி பல பள்ளிகளிலும் கோயில்களிலும் நடைபெறுகின்றது. ஆனால், அப்பணி முடிந்த மறுகணமே ஒரு நிறைவுப் பெருமூச்சு கேட்கின்றது. “கணினியில் ஏற்றியாயிற்று, இனிக் கவலையில்லை” என்கின்றனர். இந்தப் பெருமூச்சே இன்று கறையானைவிடக் கொடியது. கறையான் பக்கம் பக்கமாக அரித்தது. கணினியின் வன்தட்டோ ஒரு நொடியில் நூறாண்டை விழுங்கிவிடும். ஒரே ஒரு படியாக இருக்கும் பொருள் உண்மையில் உடைமை ஆகாது. அது இழப்பு வரும்வரை கொடுக்கப்பட்ட தவணை.

இவ்வுண்மையை வேற்று நாட்டாரிடம் கற்கவேண்டிய நிலையில் தமிழர் இல்லை. ஓலைச்சுவடிக் காலமே இதனைக் கற்பித்தது. ஓலை அழியும் பொருள் என்பதை அறிந்த முன்னோர், பழுதுறும் முன்னரே புதிய ஓலையில் படியெடுத்தனர்; ஒரு நூலை மடத்தில் ஒன்று, புலவர் வீட்டில் ஒன்று, அரசவையில் ஒன்று எனப் பல இடங்களில் வைத்தனர். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபோது பல ஊர்களிலிருந்து பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒன்றில் சிதைந்த அடியை மற்றொன்றிலிருந்து மீட்டார். பல படிகள் இருந்த இடத்தில் தமிழ் பிழைத்தது. படிகள் குறைந்த இடத்தில் என்ன ஆயிற்று? புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் இரண்டு பாடல்கள் இல்லை. அந்த வெற்றிடங்களைப் பார்க்குந்தோறும் ஒன்றை நினைக்கவேண்டும்: இன்னும் ஒரே ஒரு நல்ல படி, இன்னும் ஓர் ஊரில் இருந்திருந்தால், அவ்வெற்றிடம் நிரம்பியிருக்கும்.

மலாயாத் தமிழருக்கு இதனினும் கசப்பான பாடம் ஒன்று உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தனர். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். கைதிகள் தம் உயிரைப் பணயம் வைத்து மறைவாகக் குறிப்பெழுதி, மூங்கிலிலும் புதைகுழியிலும் ஒளித்துவைத்தனர். ஆகவே அவர்களுள் ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் இன்று காஞ்சனபுரிக் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே பாதையில் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மடிந்த தமிழர் பல்லாயிரவர். அவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் ஒன்று கூட இல்லை. ஒரு சமுதாயம் தன் இறந்தோரையே பெயர் சொல்லி அழைக்க இயலாமற் போவது எத்தகைய வறுமை! ஏட்டைக் காப்பது பண்டிதரின் பொழுதுபோக்கு அன்று. மனிதரின் பெயரைக் காப்பது அது.

இனி, வன்தட்டின் தன்மையை நோக்குவோர்க்கு இவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கும். வன்தட்டு என்பது நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் தட்டும், அதன்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் பறக்கும் படிமுனையும் கொண்ட பொறி. குளிரூட்டப்பட்டு, சீரான மின்சாரத்துடன் இயங்கும் பெரிய தரவு நிலையங்களிலேயே ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்றிரண்டு தட்டுகள் பழுதடைகின்றன. கடற்காற்றும் ஈரமும் இடிமின்னலும் மின்தடையும் நிறைந்த ஓர் ஊரில், தூசு படிந்த அலுவலக அறையின் மூலையில் கிடக்கும் தட்டுக்கு அதனினும் நல்ல கதி வாய்க்கும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

பொறி பழுதடையும் என்பதை ஒப்புக்கொண்டு, பழுதுக்கு முன்னரே அரண் செய்தவர்கள் அறிஞர்கள். 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒற்றைப் பெருந்தட்டை நம்புவதைவிட, விலை குறைந்த பல சிறு தட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று விழுந்தாலும் மற்றவை தாங்குமாறு அமைப்பதே சிறந்தது என்பது அவர்களது வாதம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ரெய்ட்’. தனி ஒருவரின் வலிமையை நம்பாமல், எளியோர் பலர் தோள்கொடுத்துச் சுமையைத் தாங்குவதே அதன் உட்பொருள். தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வமைப்பில் பல படிநிலைகள் உண்டு. முதலாவது மிக எளியது. இரண்டு தட்டுகள், எழுதப்படுவது எதுவாயினும் இரண்டிலும் ஒருசேர எழுதப்படும். ஒன்று இறந்தால் மற்றொன்று பணியைத் தொடரும். இறந்ததை அகற்றிப் புதியதை வைத்துவிட்டால், உயிருள்ள தட்டிலிருந்து எல்லாம் படியெடுக்கப்பட்டு, அமைப்பு மீண்டும் இரட்டையாகும். ஐந்தாவது நிலைக்குக் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். அதன் சூத்திரம் நான்காம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. மூன்று வகுப்புகளின் மாணவர் எண்ணிக்கை 31, 28, 34 என்றும், மொத்தம் 93 என்றும் தனித்தனித் தாள்களில் எழுதப்பட்டுள்ளன என்று கொள்க. நடுவிலுள்ள தாள் தொலைந்தால், மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழிக்க 28 தானே வந்துவிடும். கணினி இதே கணக்கை இரும எண்களில் செய்து, அந்தச் சரிபார்ப்பு எண்ணைத் தட்டுகளில் மாறி மாறிப் பதித்துவைக்கின்றது. ஆறாவது நிலையில் இரண்டு தட்டுகள் ஒருங்கே இறந்தாலும் தாங்கலாம். சுழியாம் நிலை என்று ஒன்றும் உண்டு. அது விரைவுக்காகத் தகவலைப் பிரித்து எழுதுமே அன்றி எப்பாதுகாப்பும் தராது. பெயரில் மயங்கி அதனைத் தேர்பவர், இருந்த ஆபத்தை இருமடங்காக்கிக் கொண்டவர் ஆவர்.

இங்கே முதல் மறுப்பு எழும். “இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு உரியவை, விலையுயர்ந்த கருவி வேண்டும், தோட்டப்புறப் பள்ளிக்கு ஏது பணம்?” இம்மறுப்பு ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. தனிக் கட்டுப்பாட்டு அட்டை வாங்கினாலன்றி இப்பணி இயலாத நாள்கள் இருந்தன. இன்று அவ்வேலையை மென்பொருளே செய்கின்றது. லினக்ஸ் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கின்றது. அதில் இயங்கும் ‘எம்டிஆடம்’ என்னும் கருவியை 2001ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுன் என்பவர் உருவாக்கி உலகுக்குப் பொதுவாக்கினார். விண்டோஸ் பயன்படுத்துவோர்க்கும் 2012 முதல் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ என்னும் வசதி இயங்குதளத்துடனேயே வந்துள்ளது. வேண்டுவன ஒரு பழைய கணினி, இரண்டு தட்டுகள், ஒரு பிற்பகல் பொழுது. ஆண்டு விழாவின் மேடை அலங்காரச் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

மென்பொருள் வழியில் மற்றொரு நன்மையும் உண்டு. தனி அட்டையை நம்பியவர், அட்டை பழுதானால் அதே இன அட்டையைத் தேடி அலையவேண்டும். மென்பொருள் அமைப்பில், எந்தத் தட்டு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்னும் குறிப்பு தட்டுகளிலேயே பொறிக்கப்படுகின்றது. கணினி எரிந்து தட்டுகள் பிழைத்தால், அவற்றை வேறொரு லினக்ஸ் கணினியில் பொருத்தி மீண்டும் எழுப்பிவிடலாம். சபாக்கில் இணைத்த தட்டு ஈப்போவிலும் பேசும்.

அமைக்கும் முறையும் மலை பெயர்க்கும் வேலை அன்று. ஏறத்தாழ ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தட்டுகளை, இயன்றால் வெவ்வேறு நிறுவனத்துத் தட்டுகளாக வாங்கவேண்டும். ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்தவை ஒரே காலத்தில் நோயுறுவதும் உண்டு. அவற்றைக் கணினியில் பொருத்தி, உள்ளே பழைய தகவல் ஏதும் இல்லை என்று உறுதி செய்தபின், முதலாம் நிலையில் இணைக்குமாறு கருவிக்கு ஆணையிடவேண்டும். இரண்டும் ஒத்துவரச் சில மணி நேரம் ஆகும். பின்னர் இணைந்த தட்டின்மேல் கோப்பமைப்பை உருவாக்கி, கணினி எழும்போதெல்லாம் அது தானே இணையுமாறு குறிப்பைப் பதிந்துவிட்டால் பணி முடிந்தது. நிலைமையைக் கேட்டால் அது இரண்டு ‘யு’ எழுத்துகளைக் காட்டும். ஒரு தட்டு இறந்தால் ஓர் எழுத்து மறைந்து அவ்விடத்தில் வெறுங்கோடு தோன்றும். அவ்வளவே.

ஆனால், அந்த வெறுங்கோட்டை யார் பார்ப்பது? இங்கேதான் கருவியின் எல்லை முடிந்து மனிதரின் கடமை தொடங்குகின்றது. இரட்டைத் தட்டின் சிறப்பே, ஒன்று இறந்தும் வேலை தடைப்படாமை. அச்சிறப்பே அதன் பெருங்கேடாகவும் முடியும். ஒரு தட்டு இறந்து ஈராண்டாகியும் எவரும் அறியாமல், எஞ்சிய ஒற்றைத் தட்டின்மேல் எல்லாச் சுமையும் கிடக்கும். அதுவும் ஒரு நாள் நின்ற பிறகே, “இரட்டை வைத்திருந்தோமே!” என்று கைகளைப் பிசைவர். பழுது நேர்ந்தவுடன் மின்னஞ்சல் அனுப்புமாறு அக்கருவியைப் பணிக்கலாம். அம்மின்னஞ்சல் ஒருவருக்கு மட்டும் செல்லலாகாது. இருவருக்கோ மூவருக்கோ செல்லவேண்டும். தட்டுக்கு இரட்டை வைத்துவிட்டுக் காவலுக்கு ஒற்றை ஆளை வைப்பது, இரண்டு பூட்டுப் போட்டு ஒரே சாவியை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பாகும். ஆசிரியர் மாற்றலாகிச் செல்வார். அவரோடு கடவுச்சொல்லும் சென்றுவிடும். இது பல இடங்களில் நடந்த கதை.

இரண்டாம் மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். “இரட்டைத் தட்டு அமைத்தாயிற்று, இனி எவ்விடரும் இல்லை.” இதுவும் பழைய பெருமூச்சின் மறுபிறவியே. இரட்டைத் தட்டு, தட்டின் சாவைத் தாங்கும். மனிதரின் பிழையைத் தாங்காது. ஒருவர் கைதவறி ஒரு கோப்பை அழித்தால், அது இரு தட்டிலும் அதே நொடியில் அழியும். நச்சுநிரல் புகுந்தால் இரண்டையும் ஒருங்கே கெடுக்கும். கணினி திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த பெருவெள்ளம், ஒரு வீட்டில் இருந்த தட்டு ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பெரியோர்களும் இவ்விடத்தில் சறுக்கியுள்ளனர். தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு நிலையத்தில் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26இல் தீப்பற்றியது. அரசு அலுவலர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்துவந்த ஓர் அமைப்பில் இருந்த 858 டெராபைட் தகவல் அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் மாற்றுப்படி இல்லை. உலகிலேயே கணினித் துறையில் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் ஒன்றின் நிலை இது. ஒரே கூரையின்கீழ் எத்தனை படி இருந்தாலும், தீயின் கணக்கில் அது ஒற்றைப் படியே.

தமிழர் இதனை அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகள் முன்னரே கண்டனர். 1981ஆம் ஆண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களுக்கு வேறிடத்தில் படிகள் இருந்தன. அவற்றைத் தேடிச் சேர்க்கலாம். வேறெங்கும் படியில்லாத சுவடியை எக்காசு கொடுத்து வாங்குவது? அத்தீயின் நினைவு அணையாத தலைமுறையினரே 2005இல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் திட்டத்தைத் தொடங்கினர். அதற்கு முன்னர் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கைகளால் தட்டெழுதி உலகெங்கும் பரப்பியது. பரவியிருப்பதே அவற்றின் காப்பு.

“அப்படியானால் எல்லாவற்றையும் இணையத்து மேகத்தில் ஏற்றிவிட்டால் போதுமே” என்பது மூன்றாம் மறுப்பு. மேகம் என்பது வானத்தில் இல்லை. அது மற்றொருவர் கட்டடத்தில் இருக்கும் கணினி. மாதச் சந்தா நின்றால் கதவு மூடும். நிறுவனம் தன் விதியை மாற்றினால் கேட்க நாதியில்லை. கணக்கைத் திறந்தவர் பணி ஓய்வு பெற்றால் சாவியும் ஓய்வு பெறும். வெளியிடப் படியாக அதனை வைத்துக்கொள்வது நன்று. ஒரே படியாக அதனை நம்புவது, சொந்தக் குழந்தையை விடுதியில் விட்டுவிட்டு வீட்டில் தொட்டிலையும் விற்றுவிடுவது போன்றது.

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. சபாக், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் பழைய ஏடுகளைக் கணினியேற்றும் ஒவ்வொரு பள்ளியும் கோயிலும் முதலில் இரட்டைத் தட்டு அமைக்கட்டும். அது நாளாந்தப் பழுதுக்குக் காவல். அதன்மேல், தனித்தட்டு ஒன்றில் திங்கள்தோறும் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, பூட்டிய பெட்டியில் வைக்கட்டும். அது கைப்பிழைக்கும் நச்சுநிரலுக்கும் காவல். மூன்றாவதாக, இரண்டு பள்ளிகள் இணை சேர்ந்து, ஒன்றின் படியை மற்றொன்று காக்கட்டும். சுங்கை பெசாரில் வெள்ளம் வந்தால் பெஸ்தாரி ஜெயாவில் படி இருக்கும். அங்கே தீப்பிடித்தால் இங்கே இருக்கும். பிள்ளைகளின் பிறப்பு விவரமும் குடும்ப விவரமும் அடங்கிய ஏடுகளுக்குரிய அனுமதியைப் பெற்று, அவற்றை மறைக்குறியிட்டுப் பூட்டியே ஒப்படைக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை. நம்பி வைத்ததை ஊர்ப்பொருளாக்குவது காத்தல் ஆகாது.

நான்காவது ஒன்று உண்டு. எளிதாக மறக்கப்படுவதும் அதுவே. ஆண்டுக்கு இருமுறையேனும், படியிலிருந்து சில கோப்புகளை உண்மையாகவே மீட்டுத் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பாராத படி, எழுதாத தேர்வில் பெற்ற மதிப்பெண் போன்றது. இதற்கான பயிற்சியை ஆசிரியர் பயிற்சியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் சேர்ப்பது கடினமன்று. ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர்களை அருகில் நிறுத்திக் கற்பித்தால், அவர்களுள் இருவர் நாளை அந்த ஊரின் ஏட்டுக் காவலராவர்.

தோட்டப்புறத் தமிழர்க்கு ஏட்டின் அருமையை வேறொருவர் சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் நீல அடையாள அட்டை கிட்டாமல், பிறந்த மண்ணிலேயே அந்நியராய்த் திரிந்தோரை அவர்கள் அறிவர். 2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் பெயரில் தனிப் பதிவு இயக்கமே நடத்தவேண்டிய அளவுக்கு அக்குறை பெருகியிருந்தது. ஒரு தாள் இல்லாமல் ஒரு வாழ்க்கை திண்டாடியதைக் கண்ட சமுதாயம், தன் எல்லாத் தாள்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு உறங்கலாமா?

வருமுன் காவாதவன் வாழ்வை, நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். வைக்கோற்போர் நெருப்பை அழைப்பதில்லை. அதன் அருகில் அசையாமல் கிடக்கின்றது, அவ்வளவே. அசையாமல் கிடப்பதுதான் அதன் குற்றம். இரண்டு தட்டும் இரண்டு ஊரும் இரண்டு காவலரும் போதும். அதனைச் செய்ய மனமில்லாத நிருவாகங்கள், தொலைந்தபின் வரலாற்றைப் பற்றி மேடையில் முழங்கும் உரிமையையாவது விட்டுக்கொடுக்கட்டும்.